பார்க்காத நாளுக்குக் கோடு

நவம்பர் 18
அணைக் குடியிருப்பு

அக்கா,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உன் கைக்கு வந்துவிட்டன என்று தபால்காரர் சொன்னார். வாங்கி என்ன செய்தாய் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பிரிக்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பாய். சின்ன வயதில் என் மேல் கோபம் வந்தால் எல்லார் தட்டையும் கழுவிவிட்டு என் தட்டை மட்டும் அப்படியே விடுவாயே, அது மாதிரி.

மாமா போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. இந்த இருபத்து மூன்று நாளும் காலை எட்டரைக்குக் கட்டுப்பாட்டு அறைப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு வருஷமாக அந்த நேரத்துக்கு அடித்த போன். "எவ்வளவுக்கா?" என்று நான் கேட்பேன். "ஏழு புள்ளி ரெண்டு சாப்பிட்டியாடா?" என்று ஒரே மூச்சில் சொல்வாய். எங்கள் உதவிப் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியாடான்னா எத்தனை மில்லிமீட்டர் சார்?" என்று கேட்டார். மாமாவிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது உன் மழை அளவு தலைநகர வானிலை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து எனக்குப் பத்தரை மணிக்கு வருகிறது. உன் வீட்டுக்கும் அணைக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். என்னிடம் பேசக்கூடாது என்பதற்காக நானூறு கிலோமீட்டர் சுற்றி அனுப்புகிறாய்.

பேச வேண்டாம், சரி. ஆனால் இதற்கு மட்டும் பதில் எழுது. விசாரணை வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 15 அன்று அணையில் என்னை விசாரிக்கிறார்கள், 18 அன்று அந்த அதிகாரி உன்னைப் பார்க்க மலைக்கு வருகிறார். ஒரே கேள்விதான். அக்டோபர் 26 காலை, மலை மழைமானியின் அளவு 0 என்று அணைப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று மலையில் கொட்டித் தீர்த்திருக்கிறது. அந்தச் சைபரைச் சொன்னது யார்?

அந்தப் போனை எடுத்தது நான் ஒருவன்தான். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

தம்பி


நவம்பர் 24
மலை

அணைக் கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளருக்கு,

மூன்று கடிதங்களும் கிடைத்தன. அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை, அரிசி டப்பாவின் மேல் இருக்கின்றன. பிரித்துத்தான் படித்தேன்.

விசாரணையில் நான் சொல்லப்போவது இது. மழைமானி எண் 14 என் பொறுப்பு. 26-ஆம் தேதி சைபரைச் சொன்னது நான். என் பதிவேட்டிலும் 0 என்றுதான் இருக்கிறது. இதற்குமேல் உங்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

இத்தோடு கடிதத்தை முடித்துக் கவரில் போட்டுவிட்டேன். பிறகு பிரித்து எழுதுகிறேன். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஐந்து ஷட்டரை ஒரே நேரத்தில் தூக்க உனக்கு எப்படிக் கை வந்தது? அணைக்குக் கீழே ஆற்றை ஒட்டி உன் மாமா நாற்றங்கால் போட்டிருப்பது உனக்குத் தெரியாதா? வரப்புப் போட்ட அன்றைக்கு நீதானே பக்கத்தில் நின்று, மண்வெட்டியைத் தொடாமல் யோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய்?

மூன்றாம் நாள் பாலத்துக்குக் கீழே அவரைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் சட்டை இல்லை. சட்டையைக் கரை மேட்டில் மரத்தில் மாட்டியிருந்தார். ஊரே நனைந்துகிடந்தபோது அந்தச் சட்டை காய்ந்திருந்தது. பையில் அவர் போன். நீ ஏழு முறை கூப்பிட்டது அதில் இருக்கிறது. ஏழு முறை கூப்பிட முடிந்த உனக்கு ஏழு நிமிஷம் பொறுக்க முடியவில்லை.

இங்கே கடைக்குப் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் திரும்பினதும் "சைபர்காரி" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அதை நான் தாங்கிக்கொள்வேன். உன் குரலைத்தான் தாங்க முடியாது. அதனால்தான் போன் செய்யவில்லை.

மழைமானி எண் 14 பொறுப்பாளர்


நவம்பர் 29
அணைக் குடியிருப்பு

மழைமானி எண் 14 பொறுப்பாளர் அவர்களுக்கு,

நீ அப்படி முடித்தால் நானும் இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

நீ அன்றைக்கு மலையிலேயே இல்லை. முந்தின நாள் சாயங்கால பஸ்ஸில் தலைநகரத்துக்குப் பயிற்சி வகுப்புக்குக் கிளம்பினாய். பஸ் இங்கே நின்றபோது நான்தான் ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தேன். "வீணா காசு போட்டு வாங்காதே, என்கிட்டயே இருக்கு" என்று திட்டிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாய். அப்படியிருக்க எட்டரை மணிச் சைபரை நீ எப்படிச் சொல்லியிருக்க முடியும்? விசாரணைக்கு வருகிறவர் ஒரு வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் போதும்.

ஐந்து ஷட்டரைக் கேட்டாய். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். எனக்கே இன்னொரு முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று காலை வானிலை அறிக்கை: 'மலைப்பகுதியில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்.' அந்த ஓரிரு இடம் எது என்று தலைநகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உன் மழைமானி. அறிக்கையும் கனமழை என்று சொல்லி, நீயும் ஐம்பதுக்கு மேல் சொன்னால், காலையிலேயே மூன்று முறை சைரன் ஊதி, ஆற்றில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, ஒரு ஷட்டரை ஓர் அடி தூக்க வேண்டும். ஆறு மெதுவாக ஏறும். மேய்கிற மாடுகூட நடந்து கரையேறிவிடும். நீ சைபர் சொன்னால் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தேன். மதியம் ஒரு மணிக்கு ஏரியின் அளவுகோலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மட்டம் ஏறியது. மேலதிகாரி போனில் அலறினார். அணைக்கட்டு உடைந்தால் கீழே மூன்று ஊர் அக்கா. ஐந்தையும் தூக்கினேன். தூக்கியிருக்காவிட்டால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுத நானும் இல்லை, கொண்டுவரத் தபால்காரரும் இல்லை.

போன வருஷம் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார். நீ அறுபத்திரண்டு என்றாய். அறிக்கையும் கனமழை என்றது. விதிப்படி திறந்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் நின்ற மழை, அந்தப் பருவம் முழுக்க எட்டிப் பார்க்கவில்லை. கால்வாயின் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போகாமல் இரண்டாம் போகம் கருகிப் போனது. மின்நிலையத்தில் ஓர் இயந்திரத்தை நிறுத்தி, மூன்று வாரம் பாதி நாள் கரண்ட் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஓட்டைக்குடம் என்று பேர். முடிவெட்டப் போனால்கூட, "ஓட்டைக்குடம் வந்திருக்கு, தண்ணியைப் பாத்துத் தெளிங்கப்பா" என்கிறார்கள். மாமாவுக்கும் அந்த வருஷம் விளைச்சல் போயிற்று. அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார், ஆனால் கூப்பிட்டார்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். கை வரவில்லை.

தம்பி


டிசம்பர் 5
மலை

டேய்,

நான் மலையில் இல்லை என்று விசாரணை அதிகாரிக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். தலைநகரத்திலிருந்தே போனில் சொன்னேன் என்று சொல்லப் போகிறேன். வானத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். பைத்தியக்காரி என்று எழுதிக்கொள்ளட்டும்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? உன் மாமாதான் சொன்னார். அவர் போனில் அன்றைக்குக் காலை 8.34-க்கு அணைக்கு ஓர் அழைப்பு இருக்கிறது. ஒரு நிமிஷம் பத்து விநாடி. அந்தப் போனை நான் யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். மழைமானி இருக்கிற மேட்டுக்கு ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஆகும், நாற்றங்காலுக்குக் கீழே போகிற பஸ் ஒன்பது மணிக்கு. வாசலில் நின்று மேலே பார்த்திருப்பார். வாசலில் தூறல்கூட இருந்திருக்காது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டினால் இந்தப் பக்கம் துணி காய்கிற இடம் இது.

ஆனால் அவரைச் சொல்ல வைத்தது நான். அதைத்தான் உனக்கு எழுத முடியாமல் இருந்தேன்.

செப்டம்பரில் வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு மாதத்தில் மூன்று நாளுக்குமேல் அளவு வராத நிலையங்கள் மூடப்படும் என்று. அக்டோபரில் அளவு பார்க்காத நாளுக்கு எனக்கு ஏற்கெனவே மூன்று கோடு. காய்ச்சலில் படுத்திருந்தேனே, அப்போது விழுந்தது. நாலாவது விழுந்தால் மழைமானியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கம்பிவேலிக்குள் இருக்கிற ஒரு சின்னப் பாத்திரம் என்று நீ நினைக்கலாம். பிள்ளை இல்லாத வீட்டில் தினமும் காலையில் எனக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான். என் எண்ணை வைத்து கீழே விதைக்கிறார்கள், நீ தண்ணீர் விடுகிறாய், விளக்கு எரிகிறது என்று எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

பஸ் ஏறும்போது அவரிடம் சொன்னேன், "நாளைக்குக் காலைல மறக்காம அளவு சொல்லிடுங்க. எது வேணாலும் ஆகட்டும், கோடு மட்டும் விழக்கூடாது." அவர், "நான் இருக்கேன்ல, கோடு விழாது போ" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு.

மறுநாள் பயிற்சி வகுப்பு. ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பாடம் நடத்தின அம்மா பலகையில் பெரிதாக ஒரு 0 போட்டார். பக்கத்தில் ஒரு கோடு போட்டார். "சைபர்னா போய்ப் பார்த்தேன், மழை இல்லைன்னு அர்த்தம். கோடுன்னா பார்க்கலைன்னு அர்த்தம். பார்க்காத நாளுக்குக் கோடு போடுங்க, சைபர் போட்டுடாதீங்க. கோடு இருந்தா நாங்க வேற வழியில விசாரிப்போம். சைபர் இருந்தா நம்பிடுவோம்" என்றார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அடியில் கோடுகூடப் போட்டேன். அப்போது மணி பத்தே முக்கால். அவர் உயிரோடு இருந்தார். நான் எழுந்து வெளியே போய் ஒரு போன் செய்திருக்கலாம். பாடம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆறு நாள் கழித்து மேட்டுக்குப் போனேன். மழைமானி நிரம்பி வழிந்துபோய் நின்றது. எவ்வளவு பெய்தது என்று இனி யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் 26-ஆம் தேதி காலியாக இருந்தது. உன்னிடம் இருந்த சைபரோடு ஒத்துப்போகட்டும் என்று நான்தான் 0 போட்டேன்.

செத்தவர் வாயில் பொய் இருந்தது என்று ஊர் பேசக் கூடாது. அவர் பொய்க்காரர் இல்லை. நான் சொன்னதைச் செய்தார். விசாரணையில் கேட்டால் அந்தப் போனில் கேட்டது என் குரல் என்று சொல். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா என்று எழுத இன்னும் வரவில்லை.


டிசம்பர் 9
அணைக் குடியிருப்பு

அக்கா,

சரி. உன் குரல் என்று சொல்கிறேன்.

ஆனால் யோசித்துப் பார். நீ ஒப்புக்கொண்டால் நிலையத்தை மூடுவார்கள். நீ எதற்காகப் பயந்தாயோ அதுவே நடக்கும். மலையில் இருக்கிற ஒரே மழைமானி அது. அதற்கப்புறம் 'ஓரிரு இடங்களில்' என்று அறிக்கை வந்தால் நான் யாரைக் கேட்பேன்?

உனக்கு அது வேண்டும் என்றால் அப்படியே ஆகட்டும்.

தம்பி


டிசம்பர் 12
மலை

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதினாயே, அது போதும். மூடினால் மூடட்டும்.

தினமும் மேட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று 4.6. போகும்போது அவர் செருப்பைப் போட்டுக்கொள்கிறேன். பெரிதாக இருக்கிறது, இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தேன். என் செருப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்கிறேன் என்று கேட்காதே.

வீட்டில் அவர் சாமான்களை எல்லாம் எடுத்து அடுக்கினேன். விதைக் கம்பெனிக் காலண்டரின் பின்பக்கத்தில் என் மழைக் கணக்கைப் பதினோரு வருஷமாக அவரும் எழுதிவைத்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது. காலையில் நான் உன்னிடம் போனில் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, காது கேட்காதவர் மாதிரி இருப்பாரே. கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். அந்த மூன்று காய்ச்சல் நாளில் கோடு இல்லை. 'அவளுக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதியிருக்கிறார்.

நான் அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. ஒரு நிமிஷம் பத்து விநாடி பேசியிருக்கிறார். சைபர் என்று சொல்ல ஒரு விநாடி போதும். மீதி நேரம் என்ன பேசினார்? அவர் குரலைக் கடைசியாகக் கேட்டது நீதான். எனக்கு அது வேண்டும். ஒரு வார்த்தை விடாமல் வேண்டும்.

அக்கா


டிசம்பர் 15
அணைக் குடியிருப்பு

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று விசாரணை முடிந்தது. உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. முழுக்கப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்.

ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன். போன் அடித்தது. நீ ஊரில் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பழக்கத்தில் "எவ்வளவுக்கா?" என்றேன். அவர் சிரித்தார்.

"அக்கா இல்ல மாப்பிள்ளே, அக்காவோட வேலைக்காரன். எழுதிக்க, சைபர்."

"சைபரா மாமா?"

"சைபர்தான். இங்க வெயில் பல்லை இளிக்குது. இந்தத் தடவையாவது குடத்தை ஓட்டை போடாம வச்சிரு. தண்ணி எல்லாருக்கும் வேணும்."

"சரி மாமா."

"நாத்து பச்சைப்பசேல்னு நிக்குதுடா. உங்க அக்கா வரட்டும், ஒரு நாள் கூட்டிட்டு வந்து காட்டணும். எப்பப் பாரு மேலயே பாத்துட்டு இருக்கா. ஒரு நாள் கீழயும் பாக்கட்டும்."

"கூட்டிட்டு வாங்க."

"கோடு விழாதுன்னு சொல்லியிருக்கேன். விழுந்துச்சுன்னா வீட்டுல எனக்குச் சோறு விழாது. வச்சிர்றேன்."

அவ்வளவுதான்.

இதில் நான் எழுதாத ஒரு சத்தம் இருக்கிறது. அவர் பேசினபோது பின்னால் பம்பு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டீசல் மோட்டாரை அவரோடு போய்ப் பழசாக வாங்கி வந்தவன் நான். புகைக்குழாயில் விரிசல், ஊரையே கூட்டுகிற சத்தம். உன் வீட்டு வாசலில் அந்தச் சத்தம் கேட்க வழியில்லை. அவர் ஒன்பது மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. விடியும்போதே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். கரையில் நின்று, கரையில் அடித்த வெயிலைத்தான் எனக்குச் சொன்னார்.

எனக்கு அப்போதே தெரியும் அக்கா. பேனா கையில் இருந்தது. 'எங்க இருந்து பேசுறீங்க மாமா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டேன் என்று உனக்கு எழுதிப் பார்த்தேன், அந்தத் தாள்களைத்தான் கிழித்தேன். நான் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சைபர் வேண்டியிருந்தது. ஏரி நிறைந்துவந்தது, மின்நிலையத்துக்காரர் சந்தோஷமாக இருந்தார், ஊரில் யாரும் ஒரு வாரமாக ஓட்டைக்குடம் என்று கூப்பிடவில்லை. இன்னொரு முறை திறந்துவிட்டு மழை வராமல் போனால் என்னால் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் மோட்டார் சத்தத்தைக் கேட்காதவன் மாதிரி 0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஆற்றங்கரையில் இருக்கிறார் என்று ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து ஷட்டரையும் தூக்கும்போதும் தெரியும். சைரனை ஒரே ஒரு முறை ஊத நேரம் இருந்தது. மோட்டார் ஓடினால் சைரன் கேட்காது என்று தெரிந்துதான் ஏழு முறை கூப்பிட்டேன். ஏழாவது முறை மணி அடித்து ஓயும்போது தண்ணீர் நாற்றங்காலுக்கு முன்னால் இருக்கிற ஆற்று வளைவைத் தாண்டியிருந்தது.

விசாரணையில் இதைச் சொன்னேன். சைபர் மலையிலிருந்து வரவில்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதினேன் என்று. சொன்னது யார் என்று மூன்று தடவை கேட்டார்கள். அக்கா இல்லை என்று மட்டும் சொன்னேன். மாமா பேர் என் வாயிலிருந்து வரவில்லை. அது உன் கையில் இருக்கிறது.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். மாத முடிவுக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். உன்னைத் தவிர நான் யாரிடம் போய்க் கேட்பேன்? உன் மனசில் எனக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை, சைபர்தான் என்றால் அதையாவது எழுதிவிடு.

தம்பி


ஜனவரி 4
மலை

தம்பி,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் நான் மேட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை, மழை இல்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பதிவேட்டில் இரண்டு கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் அந்த அதிகாரி வந்தார். வயசானவர், மேடு ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தார். உன் மாமாவின் போனை எடுத்து அந்த அதிகாரி முன்னால் வைத்தேன். என் புருஷன்தான் சொன்னார், கோடு விழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது நான் என்றேன். "இப்ப ஏம்மா சொல்றீங்க?" என்று கேட்டார். என் தம்பி எழுதின பிறகு நான் மட்டும் எதை வைத்துக்கொள்வது என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் எழுதிக்கொண்டார்.

பதிவேட்டில் தப்பு விழுந்தால் அழிக்கக் கூடாது. பழைய எண் தெரிகிற மாதிரி அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அக்டோபர் 26-இல் அப்படிச் செய்தேன். நான் போட்ட 0 அடிபட்டுத் தெரிகிறது. பக்கத்தில் கோடு. அவர் காலண்டரில் அந்த நாள் காலியாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நிலையத்தை மூடவில்லை. புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. கோடு போட்டதற்காக இனி எந்த நிலையமும் மூடப்படாது என்று. அதைப் படித்துவிட்டு வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள்.

அப்புறம் ஒரு நாள் கீழே போனேன், தனியாக. அவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றாரே, அந்த இடத்துக்கு. மணல் மூடிக்கிடக்கிறது. மோட்டாரின் புகைக்குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விரிசலைப் பார்த்தேன். நாற்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கீழேயே பார்த்துவிட்டு வந்தேன். நீ எழுதியிருக்காவிட்டால் போயிருக்க மாட்டேன்.

உன் நாற்காலியில் இப்போது வேறு ஆள். முந்தாநாள் முதல் காலை எட்டரைக்கு அணைக்கு நேராகப் போன் செய்கிறேன், நானூறு கிலோமீட்டர் சுற்றவில்லை. முதல் நாள் நான் எண்ணைச் சொன்னதும் "சரிங்க மேடம்" என்று வைக்கப் போனார். விடவில்லை. "எங்க இருந்து பேசுறீங்கன்னு கேளுங்க" என்றேன். "நீங்கதானே மேடம், எனக்குத் தெரியுமே" என்றார். "தெரிஞ்சாலும் கேளுங்க. தினமும் கேளுங்க. நான் மேட்டுலேருந்து இறங்கி வந்துதான் பேசுறேன்னு சொல்றவரைக்கும் பேனாவை எடுக்காதீங்க" என்றேன். இன்று அவராகவே கேட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பத்து நாளாக இந்த இடத்தில் வந்து பேனாவை வைத்துவிடுகிறேன்.

ராத்திரியில் அந்த மோட்டார் சத்தம் எனக்கும் கேட்கிறது. உன்னைக் கொன்றுவிடலாம் போல இருக்கிறது. விடிந்ததும் நீ எந்த வீட்டில் போய் இருப்பாய், சாமான்களை யார் கட்டித் தருவார்கள் என்று யோசனை வருகிறது. இரண்டும் தினமும் வருகிறது. சைபர் என்றால் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமல் ஓர் எண்ணைச் சொல்லி இந்தக் குடும்பத்தில் பட்டது போதும்.

அதனால் இப்போதைக்குக் கோடு போட்டுக்கொள். சாப்பிட்டியாடா?

அக்கா